கிணற்றுக்குள் ஜெய்ஹிந்த்

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆறு எது, ஊர் எது என்று தெரியாமல் வெள்ளம் கிடந்ததே, அந்தப் பெருமழைக்கு அடுத்து வந்த ஆகஸ்ட் பதினைந்தில் நடந்தது இது. நடந்த இடம் எங்கள் தோட்டம். ஊருக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுச் செம்மண் நிலம். காலை நேரம், நல்ல வெயில். பேய்க்கதை நடக்கிற நேரமே இல்லை. நானும் பேய்க்கதை சொல்கிற ஆள் இல்லை.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் மூன்றாம் வகுப்போடு சரி. மீசை முளைக்கும் முன்பே கிணறு வெட்டப் போனவன். இன்றைக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரிகள் வைத்திருக்கிறேன். நாங்குநேரியிலிருந்து கடற்கரை வரைக்கும் என் போர் வண்டி போகாத காடு கிடையாது. மண்ணை மிதித்துப் பார்த்தே தண்ணீர் எங்கே என்று சொல்லிவிடுவேன். நான் சொன்ன இடம் பொய்த்ததில்லை. பொய்த்தவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அது வேறு விஷயம். யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் என்று கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்தே சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தோட்டத்துக் கிணறு, நான் எனக்கென்று வெட்டிய முதல் கிணறு. ஊரார் கிணற்றில் கூலி வேலை முடித்துவிட்டு வந்து மிச்சப் பொழுதில் வெட்டியது. ஆள் வைக்க வசதி இல்லை. நான் கீழே, என் மனைவி மேலே. சட்டியில் மண் நிறைந்ததும் நான் கீழேயிருந்து குரல் கொடுப்பேன், அவள் உருளையில் கயிற்றை இழுப்பாள். வேலை முடிந்ததும் அதே கயிற்றைப் பிடித்துத்தான் நானும் ஏறி வருவேன். அப்போது கிணற்றுக்குப் படி கிடையாது.

தண்ணீர் கண்ட நாள் ஓர் ஆகஸ்ட் பதினைந்து. ரோட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காகிதக் கொடியோடு 'ஜெய்ஹிந்த், ஜெய்ஹிந்த்' என்று கத்திக்கொண்டு போகிற சத்தம் கிணற்றுக்குள் இறங்கி வந்தது. அந்த நேரம் மேற்குப் பக்கம் நான் போட்ட கடப்பாரை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இழுத்தேன். ஊற்றுக்கண் திறந்து கால் நனைந்தது. சந்தோஷத்தில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. காதில் கிடந்த வார்த்தையை எடுத்து நானும் 'ஜெய்ஹிந்த்' என்று கத்தினேன். மேலே இருந்தவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவளும் கத்தினாள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்துக்குத் தீபாவளி, பொங்கலைவிட ஆகஸ்ட் பதினைந்துதான் பெரிது. உருளை மாட்டியிருந்த கல்தூணில் இரும்புக் குழாயைக் கட்டிக் கொடி ஏற்றுவோம். தேசிய கீதம் பாடுவோம். பாடி முடித்ததும் எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்து கிணற்றுக்குள் 'ஜெய்ஹிந்த்' என்று ஒரே குரலாகக் கத்துவோம். கிணறு திருப்பிச் சொல்லும். சும்மா இல்லை, சட்டசபையே எழுந்து நின்று சொல்வது போலச் சொல்லும். அதன்பிறகு நான் படியிறங்கிப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் சிறுபருப்புப் பாயசம் வைப்போம். பாயசம் கொதித்து இறங்கும்வரை யாருக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மருமகள் வந்தாலும் மாப்பிள்ளை வந்தாலும் முதல் வருஷம் தனியாக நின்று கத்திக் கிணற்றிடம் பதில் வாங்கியாக வேண்டும். அப்போதுதான் எங்கள் வீட்டு ஆள் என்று அர்த்தம்.

அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள் என் இளைய மகளின் மாமனாரும் மாமியாரும். திருநெல்வேலி டவுணில் தேரோடும் வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர்கள். மாப்பிள்ளை துபாயில். மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. காரில் வரும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன். வெள்ளத்தில் எத்தனை கிணறு இடிந்தது, எத்தனை மோட்டார் போனது, என் கிணறு மட்டும் எப்படிக் கழுத்துமுட்ட நிரம்பியும் ஒரு கல்கூட அசையாமல் நிற்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஜவுளிக்கடைக்காரர், எதற்கும் தலையாட்டுவார்.

தோட்டத்தில் இறங்கியதும் எனக்கு ஏதோ ஒரு மாதிரி இருந்தது. ஆடி முடியப் போகிற நேரம் அது. எங்கள் பக்கம் ஆடிக்காற்று நிற்கிற ஆளைத் தள்ளும். தேரிக்காட்டுச் செம்மணல் பறந்து வந்து பல்லில் நெறுநெறுக்கும். அன்றைக்கு ஓர் இலை அசையவில்லை. கொடியை ஏற்றி முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே வைத்துக் கட்டியிருந்த ரோஜா இதழ்கள் நேராக இறங்கித் தூணின் காலடியிலேயே விழுந்தன. கொடி நனைந்த துணி மாதிரி தொங்கியது.

கிணற்றின் வாயை வருஷம் முழுக்க, புறா புகுந்து வருகிற அளவுக்குப் பெரிய கண் உள்ள கம்பி வலை போட்டு மூடி வைத்திருப்போம். தோட்டத்துப் பாய்ச்சலுக்கு போர் தண்ணீர்தான். ஆகஸ்ட் பதினைந்துக்கு மட்டும் வலையை நகர்த்துவோம். நகர்த்தினால் போதும், கல்கட்டுப் பொந்துகளில் கிடக்கிற மாடப்புறாக்கள் படபடவென்று கிளம்பி முகத்தில் அடிக்கிற மாதிரி பறக்கும். அன்றைக்கு நானும் என் மகனும் வலையை இழுத்தோம். ஒன்றுகூடக் கிளம்பவில்லை. எட்டிப் பார்த்தேன். கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. மேற்குச் சுவரில் ஆலஞ்செடி முளைத்து அடர்த்தியாகத் தொங்கியது. ஓர் எச்சம், ஓர் இறகு இல்லை.

மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம். கிணறு வெட்டிய மண்ணைக் கொட்டின மேட்டில் நான் நட்டது. அதன் நிழலில் மகளுக்குப் பாய் விரித்திருந்தது. பாடி முடித்ததும் இடுப்பு வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் மாமியார். அந்த அம்மாளுக்கு முட்டுவலி, உடம்பும் கொஞ்சம் கனம், உட்கார்ந்தால் எழுந்திருப்பது லேசில்லை. மருமகளும் பேரன் பேத்திகளும் கிழக்கே அடுப்புப் பக்கம் பாத்திரங்களோடு இருந்தார்கள்.

நாங்கள் மற்றவர்கள் கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தோம். கத்தினோம்.

பதில் வரவில்லை.

சம்பந்திதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன அண்ணாச்சி, உங்க கிணறு எங்ககூடப் பேசாதோ? டவுண்காரங்கன்னா எளப்பமா?"

"கவர்மெண்டு லீவுலா மாமா, கிணறும் லீவு போட்டுட்டு" என்றான் என் மகன்.

"ஏலே, சும்மா கெட. எல்லாரும் ஒண்ணாக் கத்துங்க. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கிய?"

மறுபடியும் கத்தினோம். பஞ்சு மூட்டையில் வாயை வைத்துக் கத்தினது போல இருந்தது. சத்தம் உதட்டை விட்டுப் போனது தெரிகிறது, போய்ச் சேர்ந்த இடம் தெரியவில்லை. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். தண்ணீரில் விழுந்த சத்தம் ஒழுங்காகக் கேட்டது. தண்ணீருக்கு வாய் இருக்கிறது. சுவருக்குத்தான் இல்லை.

என் மனைவி எங்களோடு கத்தவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டியளா, இன்னைக்கு இறங்க வேண்டாம். வண்டியில கேன் தண்ணி கெடக்கு, அதுல பாயசத்த வச்சிருவோம்" என்றாள்.

"கேன் தண்ணியா? என் தோட்டத்துலயா? ஏளா, சம்பந்தி முன்னால மானத்த வாங்காத" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கிழக்குச் சுவரில் பின்னாளில் பதித்த படிக்கற்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன். கொஞ்ச தூரம் இறங்கினதும் முகத்தில் காற்று அடித்தது. குளிர்ந்த காற்று, ஈரமண் வாடையோடு, எதிர்ச்சுவர்ப் பக்கமிருந்து. மேலே கொடி அசையவில்லை, கிணற்றுக்குள் காற்று. என் ஆயுளில் எத்தனையோ கிணறுகளுக்குள் நின்றிருக்கிறேன். எந்தக் கிணறும் மூச்சு விட்டதில்லை. எதிரே அந்த ஆலஞ்செடியின் இலைகள் மட்டும் என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன.

அப்போதே ஏறியிருக்க வேண்டும். மேலே சம்பந்தி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எப்படி ஏறுவது? பயமில்லை என்று காட்டிக்கொள்ள, அங்கேயே நின்று எதிர்ச்சுவரைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து 'ஜெய்ஹிந்த்' என்று ஒரு சத்தம் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

அது கிணற்றுக்குள்ளிருந்து வரவில்லை. எதிர்ச்சுவருக்கும் அப்பால், மண்ணுக்குள் வெகுதூரம் போய்விட்ட ஓர் ஆள் நின்று திரும்பிக் குரல் கொடுத்தது போல வந்தது. வார்த்தை இல்லை. குரல் மட்டும். ஒற்றை ஆளின் குரல்.

மேலே என் மகள் பேசுவது கேட்டது. பயந்து கத்தவில்லை, தூக்கத்தில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"எம்மா, தரைக்குள்ள யாரோ கூப்புடுதாங்க."

அதற்குப் பிறகு மேலே நடந்ததை என் மகன் சொல்லித்தான் தெரியும். என் மனைவி கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடியிருக்கிறாள். அவளுக்கும் முழங்கால் வலி உண்டு, அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. மகளின் கையைப் பிடித்தாள், இழுத்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி என்ற நினைப்புகூட இல்லாமல் பாயோடு சேர்த்துத் தரதரவென்று இழுத்து, எழுப்பி, கிழக்கே தள்ளிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

"மைனி, எந்திரிங்க."

"எதுக்கு? இப்பத்தான உக்காந்தேன்."

"எந்திரிங்கன்னா எந்திரிங்க!"

"ஏ, என்னது இது? முட்டு வலிக்குன்னு சொல்லுதேன்லா…"

என் மனைவி சுற்றிப் பின்னால் போனாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து அந்த அம்மாளோடு சேர்த்தே பின்னால் இழுக்க ஆரம்பித்துவிட்டாள். "உங்க வீட்டு மரியாதை இதானா? ஏங்க, பாத்துக்கிட்டு நிக்கியளே" என்று அந்த அம்மாள் புருஷனைப் பார்த்து ஏச, சம்பந்தி திகைத்துப் போய் நிற்க, என் மகன்தான் ஓடிப்போய் நாற்காலிக்கு இன்னொரு கை கொடுத்திருக்கிறான்.

கிணற்றுக்குள் நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ச்சுவரிலிருந்து பொடிக்கல் உதிர்கிற சத்தம். பைய உதிர்ந்தது, உதிர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் தண்ணீரில் விழுகிற சத்தம் இல்லை. அப்படியானால் அவை கிணற்றுக்குள் விழவில்லை. சுவருக்குப் பின்னால் எங்கேயோ விழுகின்றன. அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. குடத்தை விட்டேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. கைப்பிடிச் சுவரில் என் கை விழுந்தபோது என் மகன் வந்து தோளைப் பிடித்து இழுத்துப் போட்டான். மல்லாந்து கிடந்தபடி மேற்கே பார்த்தேன்.

வேப்பமரம் சாயவில்லை. நின்ற வாக்கிலேயே கீழே போனது, லிஃப்டில் போகிற ஆளைப் போல. உச்சிக்கொப்பு தரைமட்டத்துக்கு வந்து சற்று நின்றது. பிறகு அதுவும் இல்லை. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. மேற்குச் சுவர் மொத்தமும் அந்தப் பள்ளத்துக்குள் சரிந்து, கிணறும் குழியும் ஒன்றாகிவிட்டன. செம்மண் புழுதி எழுந்து வெயிலை மறைத்தது.

புழுதி அடங்கியதும் ஆட்களை எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். மகள் அடுப்புப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி அம்மாள் அதே நாற்காலியில் இருந்தார். அவர் எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கால்கள் இழுபட்டு வந்த கோடுகள் செம்மண்ணில் தெளிவாகத் தெரிந்தன. அவை குழியின் விளிம்பிலிருந்து தொடங்கின. "மைனி" என்று என் மனைவியின் கையைப் பிடித்தவர், டாக்டரிடம் மகளைக் கூட்டிப்போக வண்டி கிளம்பும்வரை விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் நான் வேட்டியில் இருந்த மண்ணைத் தட்டினேன்.

அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் பேச்சு திரும்பிவிட்டது. வீட்டு முற்றத்தில் சம்பந்தியை உட்கார வைத்து நடந்தது என்ன என்று விளக்கினேன். பெருமழையில் கிணறு நிரம்பியது. பிறகு தண்ணீர் மளமளவென்று வடிந்தபோது, நான் கடப்பாரை போட்ட அந்த ஊற்றுக்கண் வழியாகச் சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விட்டது. வேப்பமரத்துக்குக் கீழே ஒரு குகையே உண்டாகியிருக்கிறது. ஆலஞ்செடி அந்த ஓட்டையை மறைத்துவிட்டது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பாமல் குகைக்குள் போய்விட்டது. நான் நேர் எதிரே நின்று கத்தினபோது மட்டும் அது குகைக்குள் சுற்றி வந்திருக்கிறது. அவ்வளவுதான். சம்பந்தி வழக்கம்போலத் தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு மனைவியிடமும் அதையே சொன்னேன். "எதிரொலிளா அது. பேயும் இல்ல, பூதமும் இல்ல."

"இருக்கும்" என்றாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "ஆனா அது இப்போ உள்ள உங்க குரல் இல்ல" என்றாள்.

"பின்ன யார் குரல்?"

"கிணறு வெட்டும்போ கீழருந்து கொடுப்பியளே, அந்தக் குரல். நான் குழிய நெனைக்கல, மண்ண நெனைக்கல. அந்தக் குரல் கேட்டா என் கை இழுக்கும். கயிறு இல்ல, புள்ள கை கெடச்சுது. இழுத்தேன்."

சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் போர் வண்டிப் புழுதியைக் குடித்துக் குடித்து என் தொண்டை எப்போதோ கெட்டுப்போனது. நான் பேசினால் தகரத்தை இழுப்பது போல இருக்கும், எல்லோருக்கும் தெரியும். எதிர்ச்சுவருக்கு அப்பாலிருந்து எனக்குக் கேட்ட குரலில் கரகரப்பு இல்லை. அது நல்ல குரல். களைத்துப்போன, வயதில் இளைய ஒருவனின் குரல்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழிக்கு லாரி லாரியாக மண் அடித்தேன். அடுத்த மழையில் மறுபடியும் உள்வாங்கியது. வேலி போட்டு விட்டுவிட்டேன். இப்போது ஆகஸ்ட் பதினைந்துக்கு வீட்டு வாசலிலேயே கொடி, கேன் தண்ணீரில் பாயசம். சம்பந்தி அம்மாள் ஒரு வருஷமும் தவறாமல் வந்து என் மனைவியை ஒட்டித்தான் நாற்காலி போட்டுக்கொள்கிறார். யாரும் கத்துவதில்லை. பாடி முடித்ததும் எல்லோரும், யாரும் சொல்லாமலே, கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறோம். அந்த நேரம் எனக்குப் பாதம் கூசும்.

அது எதிரொலிதானா என்று நான் இப்போது யாரிடமும் வாதாடுவதில்லை. யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் என்ற பேச்சு இன்றும் வாய்வரை வருகிறது. ஆனால் நான் கீழே இருந்த காலமெல்லாம் மேலே ஒருத்தி காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள், அந்தக் காது ஒருநாள் கேட்காமல் போயிருந்தால் என் பிள்ளை எங்கே போயிருப்பாள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டதால், அந்தப் பேச்சை என்னால் முடிக்க முடிவதில்லை.